உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்திட்டத்தைச் சீர்திருத்துவது என்றால் என்ன?

பாடத்திட்டம் மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன், எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். உயிரியலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு எப்போதும் நிறைய விடைகள் இருக்கும். இரண்டாம் பாதிக்கு மிகக் குறைவாகவே இருக்கும். 1953-இல் டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் அமைப்பு தெரியவந்தது. 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாக வகைப்படுத்தினார். 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற தனித்த நுண்ணுயிர்க் கூட்டத்தை அடையாளம் காட்டினார்கள். 2003-இல் மனித ஜீனோம் திட்டம் நிறைவடைந்தது. 2012-இல் கிரிஸ்பர் முறையால் மரபணுவைத் திருத்த முடியும் என்பது வெளியானது. இவை ஒவ்வொன்றும் காலப்போக்கில் பாடநூலுக்குள் ஒரு பிரிவாகவோ ஒரு அத்தியாயமாகவோ நுழைந்தன. ஆனால் கல்வியாண்டின் நாள்களும் வாரத்தின் பாடவேளைகளும் அதற்கேற்பக் கூடவில்லை.

அதனால் சீர்திருத்தம் என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஒரு பாடத்திட்டம் என்பது உண்மையில் நான்கு முடிவுகளின் தொகுப்பு: எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது, எவ்வளவு ஆழத்துக்குப் போவது, மாணவர் கற்றுக்கொண்டாரா என்பதை எப்படிக் கண்டறிவது. முதல் முடிவை மட்டும் மாற்றி மற்ற மூன்றையும் அப்படியே விட்டால் பாடநூலின் பக்க எண்ணிக்கை மாறும். வகுப்பறையில் நடப்பது பெரிதாக மாறாது. பல்வேறு நாடுகளின் அறிவியல், கணிதக் கல்வியை ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வை நடத்தும் பன்னாட்டு அமைப்பு, பாடத்திட்டத்தை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அரசு ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பது ஒன்று, ஆசிரியர் வகுப்பில் உண்மையில் கற்பிப்பது இன்னொன்று, மாணவர் மனத்தில் கடைசியில் தங்குவது மூன்றாவது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் போகும் வழியில் எவ்வளவு கசிந்துபோகிறது என்பதைப் பார்க்காமல் ஆவணத்தை மட்டும் திருத்துவது சீர்திருத்தம் ஆகாது என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

பெயர்களின் பாடமாக மாறிய அறிவியல்

இயற்பியலில் ஒரு மாணவர் சில விதிகளைப் புரிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான கணக்குகளைத் தீர்க்க முடிகிறது. உயிரியலில் அப்படிப்பட்ட விதிகள் வெளிப்படையாகத் தெரிவதில்லை. செல்லின் உறுப்புகள், திசுக்களின் வகைகள், ஹார்மோன்கள், நொதிகள், தொகுதிகள், வகுப்புகள் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் இருக்கிறது. அந்த வரியைத் திருப்பி எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. இதனால் உயிரியல் என்பது மனப்பாடம் செய்யும் ஆற்றல் உள்ளவர்களுக்கான பாடம் என்ற எண்ணம், அதை விரும்பிப் படிப்பவர்களிடமே கூட வேரூன்றிவிடுகிறது.

இந்த முறையில் எது கைநழுவிப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கேள்வி உதவும். ஒரு சிறிய விதை பெரிய மரமாக வளர்கிறது. அந்த மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்த மாணவர்களிலும் பலர் இதற்கு "மண்ணிலிருந்து" என்றே விடை சொல்கிறார்கள் என்பது அறிவியல் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் செய்தி. 17-ஆம் நூற்றாண்டிலேயே யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் இதைச் சோதித்துப் பார்த்தார். எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 74 கிலோ கூடியிருந்தது; மண்ணோ 60 கிராமுக்கும் குறைவாகவே குறைந்திருந்தது. மண் மரமாக மாறவில்லை என்பதை அவர் சரியாகக் கண்டார். மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் எடுத்த முடிவு தவறு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடே மரத்தின் கார்பனுக்கு மூலம் என்பது பின்னர்தான் தெளிவானது. ஒரு பரிசோதனை எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் அமைவது கடினம்.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் சுவாசப் பாடம் வந்துவிடும். ஒருவர் உடல் இளைக்கும்போது அந்தக் கொழுப்பு எங்கே போகிறது? வெப்பமாகவோ ஆற்றலாகவோ மாறிவிடுகிறது என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. 2014-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 10 கிலோ கொழுப்பு உடலில் முழுமையாக எரிக்கப்பட்டால் அதில் 8.4 கிலோ கார்பன் டைஆக்சைடாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. பொருள் அழிவதில்லை, இடம் மாறுகிறது, வடிவம் மாறுகிறது என்ற ஒரே கருத்து மரத்தின் வளர்ச்சியையும் மனிதரின் எடைக் குறைவையும் காடுகளின் கார்பன் சேமிப்பையும் விளக்கிவிடுகிறது. வழக்கமான பாடத்திட்டத்தில் ஒளிச்சேர்க்கை தாவரவியல் பகுதியிலும், சுவாசம் விலங்கியல் பகுதியிலும், கார்பன் சுழற்சி சூழலியல் பகுதியிலும் இருக்கும். மூன்றும் ஒன்றே என்பதைச் சொல்லும் இடம் எங்கும் இருக்காது.

மையக் கருத்துகளைச் சுற்றிப் பாடத்தை அமைத்தல்

கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த முக்கியமான மாற்றங்கள் யாவும் இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றவையே. அமெரிக்காவில் கல்லூரி நிலைக்கு இணையாகப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் ஏபி உயிரியல் பாடம் 2012–13 கல்வியாண்டில் நான்கு பெருங்கருத்துகளைச் சுற்றி மாற்றி அமைக்கப்பட்டது: பரிணாமம், ஆற்றல் பயன்பாடு, தகவல் கடத்தல், அமைப்புகளுக்கு இடையிலான ஊடாட்டம். 2013-இல் வெளியான அந்நாட்டின் அடுத்த தலைமுறை அறிவியல் தரங்கள் உயிரியலை மூலக்கூறிலிருந்து உயிரினம் வரை, சூழல் மண்டலங்கள், மரபுவழி, பரிணாமம் என்று நான்காகத் தொகுத்தன. அதோடு தரவுகளைப் பகுத்தாய்வது, மாதிரிகளை உருவாக்குவது, சான்றுகளைக் கொண்டு வாதிடுவது போன்ற அறிவியல் செயல்முறைகளும் பாடப்பொருளோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே கற்பிக்கப்பட வேண்டும் என்று அவை வலியுறுத்தின.

மையக் கருத்து என்று எதைச் சொல்வது என்பதற்கு ஒரு நடைமுறை அளவுகோல் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட மாணவர், இதுவரை கேள்விப்படாத ஓர் உயிரினத்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ பொருளுள்ள கேள்வி ஒன்றைக் கேட்க முடிய வேண்டும். "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்ற வரி இந்தச் சோதனையில் தேறாது. ஒரு திசு அதிக ஆற்றலைச் செலவிடுகிறது என்றால் அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுதலாக இருக்குமா என்று கேட்கத் தூண்டும் கருத்து, அதாவது அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவு, தேறும்.

இந்த மையக் கருத்துகளில் பரிணாமத்துக்குத் தனி இடம் உண்டு. பல பாடநூல்களில் அது கடைசி அத்தியாயங்களில் ஒன்றாக, ஆண்டுத் தேர்வுக்கு முன்பு அவசரமாக நடத்தப்படும் பகுதியாக இருக்கிறது. 1973-இல் மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி உயிரியல் ஆசிரியர்களுக்காக எழுதிய கட்டுரையில், பரிணாமத்தின் ஒளியில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதற்கும் பொருள் விளங்காது என்று வாதிட்டார். அவர் சொன்னதைப் பாடத்திட்ட மொழியில் சொன்னால், பரிணாமம் ஓர் அத்தியாயமாக இருக்கக் கூடாது, எல்லா அத்தியாயங்களுக்கும் ஊடாக ஓடும் இழையாக இருக்க வேண்டும். திமிங்கிலம் நீரில் வாழ்ந்தாலும் ஏன் நுரையீரலால் மூச்சு விடுகிறது என்பதும், முதுகெலும்பிகளின் கண்ணில் விழித்திரையின் நரம்பிழைகள் ஏன் ஒளி வரும் பக்கத்தில் அமைந்து குருட்டுப் புள்ளியை உண்டாக்குகின்றன என்பதும், மருந்துக்கு மசியாத கிருமிகள் ஏன் பெருகுகின்றன என்பதும் தனித்தனிச் செய்திகளாக இருக்கும்வரை மனப்பாடம் செய்ய வேண்டியவை; பரிணாம வரலாற்றின் விளைவுகளாகப் பார்க்கும்போது அவை புரிந்துகொள்ளக் கூடியவை.

பரிணாமத்தைப் பாடநூலிலிருந்து ஒதுக்கிவைக்கும் அழுத்தங்களும் இந்தச் சீர்திருத்த வரலாற்றின் ஒரு பகுதிதான். 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதற்கு அடிப்படையான சட்டம் 1967-இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பதிப்பகங்கள் பல பாடநூல்களில் அந்தப் பகுதியைச் சுருக்கின அல்லது அந்தச் சொல்லையே தவிர்த்தன. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற கவலை அமெரிக்காவில் எழுந்தது. 1958-இல் தொடங்கிய உயிரியல் பாடத்திட்ட ஆய்வுத் திட்டம் பரிணாமத்தை மீண்டும் நடுவில் கொண்டுவந்தது. அந்தத் திட்டம் 1963-இல் ஒரே நேரத்தில் மூன்று பாடநூல்களை வெளியிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. நீல நூல் மூலக்கூறுகளிலிருந்தும், மஞ்சள் நூல் செல்லிலிருந்தும், பச்சை நூல் சூழலியலிலிருந்தும் தொடங்கின. மையக் கருத்துகள் மூன்றிலும் பொதுவானவை. நுழைவாயில்கள் மட்டுமே வெவ்வேறு. உயிரியலுக்கு ஒரே சரியான வரிசை இருக்கிறது என்று நம்புபவர்கள் இந்த எடுத்துக்காட்டை நினைவில் கொள்வது நல்லது.

மரபியலை எங்கிருந்து தொடங்குவது?

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு மரபியல் பாடத்தைவிட வலுவான சான்று இல்லை என்பது என் கருத்து. ஏறத்தாழ எல்லாப் பாடநூல்களும் கிரெகர் மெண்டலின் பட்டாணிச் செடிகளிலிருந்து தொடங்குகின்றன. 1866-இல் வெளியான அவருடைய ஆய்வு, நெட்டைக்கும் குட்டைக்கும், மஞ்சள் விதைக்கும் பச்சை விதைக்கும் இடையே தெளிவான பிரிவு உள்ள ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, 3:1 விகிதம், கட்டம் போட்டுக் கணக்கிடும் முறை ஆகியவை கற்பிக்க எளியவை, வினாத்தாளில் கேட்கவும் எளியவை. ஆனால் மாணவர் மனத்தில் இதிலிருந்து தங்குவது ஒரு மரபணுவுக்கு ஒரு பண்பு, மரபணு இருந்தால் பண்பு உறுதி என்ற எண்ணம். மனிதப் பண்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. 2022-இல் வெளியான, 54 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்ட ஆய்வு, மனித உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைக் கண்டறிந்தது. உயரத்துக்கான மரபணு என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே இடமில்லை. அத்தனை வேறுபாடுகளோடும் ஊட்டச்சத்தும் சிறுவயது நோய்களும் சேர்ந்தே ஒருவரின் உயரத்தை உருவாக்குகின்றன.

நாக்கை இருபுறமும் மடித்துக் குழல் போலாக்கும் திறன் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1940-இல் மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டிவன்ட் இது ஓங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று எழுதினார். 1952-இல் ஒத்த இரட்டையர்களைச் சோதித்தபோது, ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாத இணைகள் கிடைத்தன. ஒரே மரபணுக்கள் கொண்ட இருவரிடையே வேறுபாடு இருக்குமானால், மரபணு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஸ்டர்டிவன்ட்டும் இதை ஏற்றுக்கொண்டார். தம் பழைய முடிவு இன்னும் நிறுவப்பட்ட உண்மையாக மேற்கோள் காட்டப்படுவதைப் பற்றி 1965-இல் வருத்தத்தோடு எழுதினார். அதற்குப் பின்னும் அது வகுப்பறைகளில் செய்முறையாகத் தொடர்ந்தது. பெற்றோருக்கு நாக்கு மடியாமல் தனக்கு மட்டும் மடிகிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு குழந்தை அந்த வகுப்பில் என்ன நினைத்துக்கொள்ளும் என்பதைப் பாடத்திட்டத்தை எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெண்டலைப் படிப்பித்த காலத்திலிருந்தே மாற்றுக் குரலும் இருந்தது. 1902-இல் டபிள்யூ. எஃப். ஆர். வெல்டன் என்ற விலங்கியலாளர், சந்தையில் கிடைக்கும் பட்டாணி விதைகளைப் படம்பிடித்து, அவற்றின் நிறம் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே படிப்படியாக மாறுவதைக் காட்டினார். இரண்டே வகை என்பது கவனமாகத் தேர்ந்தெடுத்துத் தூய்மையாக்கிய செடிகளில் மட்டுமே தெரிவது என்பது அவர் வாதம். 1906-இல் அவர் காலமானதால் அந்த வாதம் பாதியில் நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி ராடிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வெல்டனின் கோணத்திலிருந்து ஓர் அறிமுகப் பாடத்தை உருவாக்கிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். மரபணு, உடலின் உள்சூழல், வெளிச்சூழல் ஆகியவற்றின் கூட்டு வினையிலிருந்து அந்தப் பாடம் தொடங்கியது. 2017-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பாடம் முடிந்தபோது அந்த மாணவர்களிடம் மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை குறைந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த சிறிய முயற்சி அது. அதை அப்படியே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுமைப்படுத்த முடியாது. ஆயினும், உண்மைகளை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினாலே மாணவர் எடுக்கும் முடிவு மாறக்கூடும் என்பதை அது காட்டுகிறது. மரபியலாளர் ரோசி ரெட்ஃபீல்டும் 2012-இல், இன்றைய மாணவர்களுக்குத் தேவைப்படும் மரபியல் மெண்டலிய விகிதங்களில் தொடங்க வேண்டியதில்லை என்று விரிவாக வாதிட்டார்.

மெண்டலை நீக்க வேண்டும் என்பது இதன் பொருள் ஆகாது. பண்புகள் கலந்து கரைந்துவிடாமல் தனித்தனி அலகுகளாகக் கடத்தப்படுகின்றன என்ற அவருடைய கண்டுபிடிப்பு மிக ஆழமானது. கதிர் அரிவாள் வடிவ இரத்தச்சோகை போன்ற நோய்களைப் புரிந்துகொள்ள அது இன்றும் வேண்டும். ஆனால் அதை இயல்பான நிலையாகக் காட்டாமல், பல காரணிகளில் ஒன்று மட்டும் தனித்துத் தெரியும் சிறப்பு நிலையாகக் காட்டலாம். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டை எடுத்துக்கொண்டால், அது ஒரே மரபணுவின் பிழையால் வருவது; ஆனாலும் பிறந்தவுடன் கண்டறிந்து, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்க முடிகிறது. மெண்டலின் விதி முழுமையாகப் பொருந்தும் இடத்திலும் மரபணு தலைவிதி ஆவதில்லை என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே நிறுவிவிடும்.

எப்படித் தெரியும் என்ற கேள்வி

செய்முறை வகுப்புகளில் பெரும்பாலானவை, விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகள். இலையில் மாவுச்சத்து உண்டா என்று அயோடினால் சோதிக்கிறோம். நீலக் கருமை வரும் என்பது பாடநூலிலேயே இருக்கிறது. வராவிட்டால் வந்ததாக எழுதிவிடுகிறோம். இதில் மாணவர் கற்பது கருவிகளைக் கையாளும் திறன், அதுவும் தேவையானதுதான். ஆனால் சான்று என்றால் என்ன என்பதை அவர் கற்பதில்லை.

இதை நிறைவு செய்ய விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. பழைய தரவுகளே போதும். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய முதல் பிரிவில், மருத்துவச்சிகள் பணியாற்றிய இரண்டாம் பிரிவைவிட மிக அதிகமான தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். நெரிசலா, காற்றா, உணவா என்று அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஒவ்வொரு காரணமாகச் சரிபார்த்து விலக்கினார். பிணப்பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமடைந்த தம் நண்பரும் அதே அறிகுறிகளோடு இறந்ததைப் பார்த்தபின், பிணவறையிலிருந்து வரும் மாணவர்களின் கைகளே காரணம் என்று ஊகித்தார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் ஏறத்தாழ 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்த மருத்துவமனையின் ஆண்டுவாரி எண்ணிக்கைகளை ஓர் அட்டவணையாக மாணவர்களிடம் கொடுத்து, "நீங்கள் எந்தக் காரணத்தை முதலில் சந்தேகிப்பீர்கள், அதை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று கேட்டால், இரண்டு பாடவேளைகளில் கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு, சான்று ஆகிய மூன்றும் வரையறை இல்லாமலே விளங்கிவிடும். இவ்வளவு தெளிவான சான்றையும் அன்றைய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை என்பது, அறிவியல் மனிதர்களால் நடத்தப்படும் செயல் என்பதையும் சேர்த்தே சொல்லித்தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மாணவர்கள் எல்லாவற்றையும் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் வழிவிட்டு நின்றால் போதும் என்று சிலர் இந்தக் கருத்தை நீட்டிக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்குக் குறைந்த வழிகாட்டுதல் பலன் தருவதில்லை என்று 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் வலுவாக எடுத்துக்காட்டினார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். செல், புரதம், நொதி பற்றி எதுவும் தெரியாத ஒருவரால் அவற்றைப் பற்றிச் சிந்திக்கவும் முடியாது. பெயர்கள் வேண்டும். ஆனால் ஒரு பெயர், அதைக் கொண்டு விளக்க வேண்டிய கேள்வி எழுந்த பிறகு வர வேண்டும். கேள்விக்கு முன்பே வரும் பெயர் தேர்வு முடிந்ததும் போய்விடும்.

கணிதத்தைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தட்டம்மை நோயாளி ஒருவர், நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே சராசரியாக 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்புவார் என்பது பரவலாகப் பயன்படும் மதிப்பீடு. ஒன்றிலிருந்து, ஒன்றை இந்த எண்ணால் வகுத்த மதிப்பைக் கழித்தால், பரவலைத் தடுக்க எத்தனை பங்கு மக்களுக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும் என்பது கிடைக்கும். விடை 92 முதல் 94 சதவீதம். பின்னம் தெரிந்த எந்த மாணவரும் போடக்கூடிய இந்தக் கணக்கு, தடுப்பூசி ஏன் ஒருவரின் தனி விருப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பல பக்க அறிவுரையைவிடத் தெளிவாக விளக்கிவிடும்.

வினாத்தாளே உண்மையான பாடத்திட்டம்

மேலே சொன்ன அனைத்தையும் ஆவணத்தில் எழுதிவிட்டு, ஆண்டிறுதியில் "இயற்கைத் தேர்வு – வரையறு" என்று கேட்டால், மாணவர்களும் ஆசிரியர்களும் வரையறையைத்தான் தயாரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைக் கற்பிப்பதே அவர்களுக்கு நியாயமான வழி. ஏபி உயிரியல் மாற்றத்தில் பின்பற்றத் தக்க அம்சம் இதுதான்: பாடத்தோடு தேர்வும் அதே ஆண்டில் மாறியது. முன்பு 100 ஆக இருந்த பலவுள் தெரிவு வினாக்கள் 63 ஆகக் குறைக்கப்பட்டு, தரவுகளைப் படித்து விடை காணும் வினாக்களும் கணக்கிட்டு எண்ணை நிரப்பும் வினாக்களும் இடம்பெற்றன.

அப்படிப்பட்ட வினா எப்படி இருக்கும்? 1952-இல் எஸ்தர் லெடர்பர்கும் ஜோஷுவா லெடர்பர்கும் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியக் கூட்டங்களின் மீது வெல்வெட் துணியை ஒற்றி எடுத்து, அதே அமைப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு சில தட்டுகளில் பதித்தார்கள். மருந்துள்ள தட்டுகளில் மிகச் சில கூட்டங்களே பிழைத்தன. அவை எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் இருந்தன. மருந்தையே காணாத முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களும் மருந்தைத் தாங்கின. இந்தத் தகவல்களைப் படமாகக் கொடுத்து, "மருந்து பட்டதால்தான் பாக்டீரியாக்கள் மாறின என்று ஒரு மாணவர் சொல்கிறார், இந்த முடிவுகள் அவருடைய கூற்றை ஆதரிக்கின்றனவா, மறுக்கின்றனவா? காரணம் எழுதுக" என்று கேட்கலாம். விடையை மனப்பாடம் செய்து வர முடியாது. மாறுபாடு முதலில் இருந்தது, மருந்து அதைத் தேர்ந்தெடுத்தது மட்டுமே என்று எழுதும் மாணவருக்கு இயற்கைத் தேர்வு புரிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். தேவைக்காக உயிரினம் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற மிகப் பரவலான தவறான புரிதலும் இதே வினாவில் வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய வினாக்களைத் தயாரிப்பதும் திருத்துவதும் கடினம். விடைக்குறிப்பு ஒரு வரியில் அடங்காது. திருத்துபவர்களுக்குப் பயிற்சி வேண்டும். இருவர் திருத்தினால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்ப்பதற்காகவே பல சீர்திருத்தங்கள் பாடநூலோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் பயிற்சியும் அப்படியே. 1960-களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை புதிய பாடநூல்களோடு கூடவே ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளுக்கும் நிதி அளித்தது. தாம் மாணவராக இருந்தபோது ஒருமுறை கூடத் திறந்த முடிவுள்ள சோதனையைச் செய்திராத ஆசிரியரிடம், ஒரு நாள் கருத்தரங்கை நடத்திவிட்டு அதை வகுப்பில் செய்யச் சொல்வது நியாயமில்லை.

எதை விடுவது?

இப்போது கடினமான கேள்விக்கு வரலாம். தரவுகளைப் பகுத்தாய்வதற்கும் வாதிடுவதற்கும் நேரம் வேண்டுமென்றால், வேறு ஏதோ போயாக வேண்டும். என் பார்வையில் விட வேண்டியவை தலைப்புகள் அல்ல, அடுக்குகள். சுவாசம் இருக்கட்டும், செல் சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியின் ஒவ்வொரு இடைப்பொருளின் பெயரும் பள்ளியில் வேண்டியதில்லை. வகைப்பாடு இருக்கட்டும், தொகுதிகளின் பட்டியலுக்குப் பதிலாக, பொது மூதாதையரைக் கொண்டு உறவுமுறை மரத்தை வரையவும் படிக்கவும் கற்கட்டும். சிறுநீரகம் இருக்கட்டும், அதன் ஒவ்வொரு குழலின் பெயரையும்விட, உடல் தன் உப்பையும் நீரையும் ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும் பின்னூட்டம் முக்கியம்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த விவரங்கள் தேவைப்படுமே என்ற மறுப்பு உடனே எழும், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் உயர்நிலைப் பள்ளி உயிரியலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர்க்கு அதுவே வாழ்நாளின் கடைசி உயிரியல் பாடம். மருந்தை எப்போது நிறுத்துவது, மரபணுச் சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது, காடு அழிந்தால் நீர்நிலைக்கு என்ன ஆகும் என்பவற்றை அவர்கள் இந்தப் பாடத்தின் துணையோடுதான் முடிவு செய்யப் போகிறார்கள். மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர் கிரெப்ஸ் சுழற்சியை அங்கே மீண்டும் முழுமையாகப் படிப்பார். அடித்தளம் புரிந்திருந்தால் அதை அங்கே எளிதாகவும் கற்பார். மேல்நிலை வகுப்புகளில் உயிரியலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு விரிவான பகுதிகளைத் தனியே வைக்கலாம். 1960-இல் உளவியலாளர் ஜெரோம் புரூனர் முன்வைத்த சுருள் முறை, அதாவது ஒரே கருத்துக்கு ஒவ்வொரு வகுப்பிலும் கூடுதல் ஆழத்தோடு திரும்பி வரும் முறை, இதற்கு ஏற்ற அமைப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆழம் கூட வேண்டும். அதே வரையறையைக் கூடுதல் பெயர்களோடு திருப்பிச் சொல்வது சுருள் முறை ஆகாது.

புதிய பாடத்திட்டத்தின் வரைவு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, அதை ஆசிரியரோ பெற்றோரோ மதிப்பிட ஓர் எளிய வழி இருக்கிறது. வரைவில் ஒவ்வோர் அலகுக்கும் ஒதுக்கப்பட்ட பாடவேளைகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையில் தேர்வு நாள்களும் விடுமுறைகளும் மாணவர்கள் ஒரு சோதனையைத் தவறாகச் செய்து மீண்டும் செய்வதற்கான நேரமும் கணக்கில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மாதிரி வினாத்தாளை எடுத்து, பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டாலும் சிந்திக்காமல் விடை எழுத முடியாத வினாக்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். மாதிரி வினாத்தாளே இணைக்கப்படவில்லை என்றால், வரைவை வெளியிட்டவர்களிடம் அதை முதலில் கேட்டுப் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை வரைவைப் பற்றி முடிவு சொல்ல வழியில்லை.